முந்நூறு ஆடு ஏறின கரை

ஒரு ஊர்ல ஒரு கண்மாய் இருந்துச்சாம். கண்மாய்ன்னா உங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கே குட்டை, அது மாதிரி நெனச்சுக்காதே மருமகளே. இந்தக் கரையில நின்னு கூப்பிட்டா அந்தக் கரையில நிக்கிறவனுக்கு "ஓ…"ன்னு சத்தம்தான் கேக்குமாம், பேரு கேக்காதாம். அம்புட்டுப் பெருசு. ஆனா பாரு, அதுல தண்ணி மட்டும் நிக்காதாம். ம் சொல்லு. நீ ம் கொட்டலன்னா அத்தை நிறுத்திட்டுப் படுத்துருவேன். காலையில வந்து சேலையப் பிடிச்சு இழுக்கக் கூடாது, ஆமா.

ம்.

ஆங், அப்படி. ஏன் நிக்கலன்னா, அந்த ஊரே புது ஊரு. நாப்பது வீடு. எங்கயோ மழை தண்ணி இல்லாமப் போயி, பொழைக்க எடம் தேடி வந்த சனங்க. வந்து, உடைமரக் காட்ட வெட்டி, முள்ளப் பொறுக்கி, வயலாக்குனாங்க. வயலுக்குத் தண்ணி வேணுமில்ல? அப்போ எல்லாருமாச் சேந்து மண்ணச் சுமந்து ஒரு கரையக் கட்டுனாங்க. அந்த ஊருக்குப் பெரியவரு வீரணன் அம்பலம். அம்பலம்னா ஊர்த்தலைவரு. நல்ல மனுசந்தான். ஆனா தான் சொன்னதுதான் சரின்னு நிக்கிற ஆளு. உங்க அப்பன் மாதிரின்னு வச்சுக்கயேன்.

கரை கட்டி முடிச்ச அன்னைக்கே அம்பலம் ஒரு சட்டம் போட்டாரு. "எவன் ஆடும் கரையில ஏறக் கூடாது. ஆட்டுக் கால் பட்டா மண்ணு சரியும். ஏறுனா அந்த ஆட்டப் பிடிச்சு ஊருக்கு எடுத்துக்குவோம்." எல்லாரும் சரி சரின்னு தலைய ஆட்டுனாங்க. கம்பு வச்சுக்கிட்டு ரெண்டு பேரு காவலுக்கு நின்னாங்க. ஒரு ஆடு கரைப் பக்கம் மூஞ்சியக் காட்டுனாலும் "ச்சூ! ச்சூ!"ன்னு வெரட்டுறது.

மொத வருசம் ஐப்பசி மழை பெஞ்சுச்சு. சோன்னு பெஞ்சுச்சு. கண்மாய் பாதி நெறஞ்சுச்சு. ஊரே கரையில நின்னு கைதட்டுச்சு. அப்போ "படார்"னு ஒரு சத்தம். கரையில நடுவுல ஓட்ட. அப்புறம் ஓட்ட வாயாச்சு, வாய் வாசலாச்சு, தண்ணி மொத்தமும் தடதடன்னு ஓடியே போச்சு. வயல் மண்ணையும் அள்ளிக்கிட்டுப் போச்சு.

ரெண்டாவது வருசம் சும்மா விடல. மண்ணு இறுக்குற திமிசுக்கட்டைய எடுத்து ஆம்பளைக எல்லாம் "ஏலேலோ"ன்னு குத்திக் குத்திக் கட்டுனாங்க. வெளிப்பக்கம் கல்லு அடுக்குனாங்க. மழை வந்துச்சு. முக்கால் கண்மாய் நெறஞ்சுச்சு. அதே எடத்துல "படார்!" கல்லெல்லாம் உருண்டு போயி வயல்ல கெடந்துச்சு. பொறுக்கவே ஒரு மாசமாச்சாம்.

மூணாவது வருசம் நாப்பது சோடி மாட்டக் கொண்டாந்து கரை மேல நடக்க விட்டாங்க. மாடு நல்ல கனமில்ல? ஆனா மாடு போன தடத்துலயேதான் போகும், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கால் வைக்காது. தடம் இறுகுச்சு, மத்த எடம் பொதபொதன்னு இருந்துச்சு. மழை வந்துச்சு…

படார்?

படார்! நீயே சொல்லிட்டியே. அதே எடம். அன்னைக்கு ஒரு பொம்பளையும் அழுகலயாம். அழுகக் கூடத் தெம்பு இல்ல. வீட்டுக்கு ஒரு குலுக்கை, ஒரு மண்குதிரு, வெதைநெல்லுதான் மிச்சம். அதையும் வெதச்சுக் கரை உடைஞ்சா, அப்புறம் திங்கவும் இல்ல, வெதைக்கவும் இல்ல. அம்பலம் சொன்னாரு, "இன்னும் ஒரு மழை பாப்போம். அதுக்கும் நிக்கலன்னா கதவச் சாத்திட்டு எல்லாரும் கெளம்பீருவோம்."

அப்போதான் ராக்கு வந்தா.

ராக்கு யாரு? ஆடு மேய்க்கிற பொம்பள. முந்நூறு செம்மறி ஆடு அவளுக்கு. வீடு கெடையாது, வாசல் கெடையாது. ஒவ்வொரு சித்திரைக்கும் அந்த ஊருக்கு வந்து கிடை போடுவா. கிடை தெரியுமா? அறுத்த வயல்ல ராத்திரிக்கு ஆட்டையெல்லாம் மொத்தமா அடைச்சு வைக்கிறது. ஆடு புழுக்கை போடும், மூத்திரம் பெய்யும், வயலுக்கு அதுதான் உரம். மூணு நாள் ஒரு வயல்ல, மூணு நாள் அடுத்த வயல்ல. அதுக்கு வயக்காரங்க நெல்லு குடுப்பாங்க. சிரிக்காதே, நீ திங்கிற சோறெல்லாம் அப்படி வெளஞ்சதுதான்.

ராக்கு கூட அவ ஆத்தா ஒருத்தி. கிழவிக்கு அந்த வருசம் கால் ரெண்டும் நின்னு போச்சு. நடக்க முடியல. ஊர் ஊராப் போற பொழப்புல நடக்க முடியாதவள என்ன பண்றது? ராக்கு முதுகுல சுமந்துக்கிட்டே வந்தா. பத்து ஊரு சுமந்தா. பதினோராவது ஊர்ல அவளுக்கே நடுமுதுகு விட்டுப் போச்சு. நேரா அம்பலத்துக்கிட்டப் போயி நின்னா.

"அய்யா, ஆத்தாவ இனிமே சுமக்க முடியாது. இந்த ஊர்ல ஒரு குடிசை போட எடம் குடுங்க."

அம்பலம் சிரிச்சாரு. சிரிப்பா அது, வேப்பெண்ணெய் குடிச்ச மூஞ்சி. "நாங்களே கெளம்பப் போறோம். உனக்கு எடம் குடுத்து என்ன பண்ண?"

ராக்கு திரும்பி நடந்தா. வந்து கிடையில உக்காந்தா. அவளுக்கு அழுகையா வந்துச்சு. ஆத்தா முன்னாடி அழுகக் கூடாதுன்னு ஆட்டுக்கு முள்ளெடுக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டா.

ம் சொல்லு.

ம்.

அப்புறம் பாரு, ஒரு கோடை மழை. சித்திரை மாசத்துல திடீர்னு ஒரு தூத்தல், ஒரு நாள் முழுக்க. மழையிலயும் ஆடு கிடையில முண்டிக்கிட்டு மிதிச்சுக்கிட்டுத்தான் கெடந்துச்சு. மறுநா ராக்கு கிடைய அடுத்த வயலுக்கு மாத்துனா. ரெண்டு நாள் கழிச்சு அம்பலம் ஏரப் பூட்டிக்கிட்டு, மொதல்ல கிடை கெடந்த வயலுக்கு வந்தாரு. வந்தவரு கத்துனாரு பாரு கத்து!

"ஏ ராக்கு! உன் ஆடு மிதிச்ச எடத்துல கொழு இறங்க மாட்டேங்குது! கல்லாக் கெடக்கு! மண்ணையா மிதிச்சுச்சு, இல்ல பாறையையா?"

இது எப்பவும் நடக்கிறதுதான். கிடை போட்ட எடம் இறுகித்தான் போகும், வயக்காரன் திட்டத்தான் செய்வான், ஆட்டுக்காரி கேட்டுக்கிட்டுத்தான் நிப்பா. அன்னைக்கும் ராக்கு கேட்டுக்கிட்டு நின்னா. ஆனா அவ கண்ணு வேற ஒண்ணப் பாத்துச்சு. ஊரு முழுக்கப் பெஞ்ச தண்ணிய மண்ணு குடிச்சிருச்சு. கிடை கெடந்த எடத்துல மட்டும், ஆட்டுக் கால் குழியில, தண்ணி அப்படியே நிக்குது. குட்டிக் குட்டிக் கண்ணு மாதிரி. வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது.

அம்பலம் போயிட்டாரு. ராக்கு போகல. மறுநாளும் வந்து பாத்தா, நிக்குது. அதுக்கு மறுநாளும் நிக்குது. அஞ்சாம் நாள் வெயில்ல வத்துச்சே ஒழிய மண்ணு குடிக்கல. ராக்கு கட்டை வெரல வச்சு அமுக்கிப் பாத்தா. இறங்கல. அவளுக்கு மயிர்க்கூச்செடுத்துருச்சு. எத்தன வருசமா இந்த வேலை பாக்குறா! திட்டு வாங்க மட்டுந்தான் ஆச்சுன்னு நெனச்ச அந்த ஆட்டுக் காலு…

அன்னைக்கே ஊர் கூடியிருந்த எடத்துக்குப் போனா. "அய்யா, கரைய என் ஆடு மிதிக்கட்டும்."

ஊரே சிரிச்சுச்சு. கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு. அம்பலம் சொன்னாரு, "ஏத்தா, ஆடு ஏறுனாத்தான் கரை உடையும்."

"மூணு வருசமா ஒரு ஆட்டக் கூட நீங்க ஏற விடல. மூணு வருசமும் உடைஞ்சுதே அய்யா."

காவக்காரன் தன் கம்பப் பாத்தானாம், ஏதோ அதுதான் பதில் சொல்லணும்ங்கிற மாதிரி.

அம்பலம் கேட்டாரு. "சரி. கரை நின்னா உனக்கு என்ன வேணும்?"

"ஆத்தாவுக்கு ஒரு குடிசை எடம்."

"உடைஞ்சா?"

"என் முந்நூறு ஆட்டையும் எடுத்துக்கங்க. நீங்க கெளம்பிப் போற வழியில ஊருக்குச் சாப்பாடாகும்."

கிழவி கிடையில கெடந்து கத்துனா, "அடி கிறுக்கி! இருக்கிறதே அதுதானடி!"ன்னு. கத்தி என்ன பண்ண? சொன்னது சொன்னதுதான்.

அப்புறம் வேலை ஆரம்பிச்சுச்சு. உடைப்புல ஒரு சாண் உயரத்துக்கு மண்ணக் கொட்டி நெரவணும். பொம்பளைக கண்மாய்க்குள்ள ஊத்துத் தோண்டி, பானை பானையாத் தண்ணி கொண்டாந்து தெளிக்கணும். ரொம்ப ஊத்தக் கூடாது, புட்டுக்கு மாவு பெசையிற பதம். அப்புறம் ஆடு நடக்கணும்.

ஆனா ஆடு ஏறுனாத்தானே? மூணு வருசம் கம்பால அடிச்சு வெரட்டுன ஆடு. கரை அடிக்கு வந்ததும் டக்குன்னு நின்னுருச்சு. முந்நூறும் நின்னுருச்சு. "மே…"ன்னு ராக்குவப் பாக்குது. நீங்கதான வேண்டாம்னீங்கன்னு கேக்குற மாதிரி. மொத நாள் ஏறல. ரெண்டாம் நாள் ஏறல. அம்பலம் மீசைய முறுக்கிக்கிட்டு நின்னாரு. மூணாம் நாள் ராக்கு மடி நெறைய வேலாங்காய, அதான் வேலமரத்துக் காஞ்ச காய, கட்டிக்கிட்டா. ஆட்டுக்கு வேலாங்காய்னா உசுரு, உனக்கு முறுக்கு மாதிரி. கரை மேல ஏறி நின்னு மடிய ஆட்டுனா. கலகல… கலகல… கழுத்துல மணி கட்டின பெரிய கிடா ஒண்ணு, அது காத ஆட்டுச்சு. ஒரு கால வச்சுச்சு. டிங். அடுத்த கால வச்சுச்சு. டிங் டிங். அப்புறம் பின்னாலயே திபுதிபுதிபுன்னு அத்தனையும்!

முந்நூறு ஆடு. ஆயிரத்து எறநூறு காலு. ஒரு காலுக்கு ரெண்டு குளம்பு. கணக்குப் போட்டுப் பாரு, வேண்டாம், தூக்கம் கலைஞ்சிரும். மாடு மாதிரி தடத்துல போகாது ஆடு. முட்டும், மோதும், ஒண்ணு மேல ஒண்ணு தாவும். அங்க போவும், இங்க வரும். ஒரு சாண் எடம் விடாம குத்திக் குத்தி எடுத்துரும். சதக் சதக் சதக் சதக். அந்தக் கோடியில திருப்பி, இந்தக் கோடியில திருப்பி, ராக்கு முன்னால நடந்துக்கிட்டே இருந்தா. ஒரு அடுக்கு முடிஞ்சா அடுத்த சாண் மண்ணு. மறுபடியும் சதக் சதக். வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. புழுதியில ஆடு எது, பொம்பள எதுன்னு தெரியாதாம்.

சும்மா நடக்கல மருமகளே. சினையாடும் அதுல இருந்துச்சு. அத விட்டுட்டு மத்தத நடத்துனா கூட்டம் போதல, அதையும் நடத்துனா வயித்துக்கு ஆகல. ஒம்பது ஆட்டுக்குக் குட்டி வயித்துலயே கலைஞ்சிருச்சு. ஒம்பதையும் ராக்கு கையாலயே குழி தோண்டிப் புதைச்சா. அன்னைக்கு அவ அழுதா. ஒளிச்சு வச்செல்லாம் அழுகல, நடுக்கரையில உக்காந்து, மாருல அடிச்சுக்கிட்டு அழுதா. "ஒரு குடிசை எடத்துக்கு ஒம்பது குட்டியக் குடுத்துட்டனே பாவி"ன்னு அழுதா.

அம்பலம் அதப் பாத்துக்கிட்டு நின்னாரு. துண்ட அவுத்துச் சும்மாடு கூட்டித் தலையில வச்சாரு. மண்ணுக் கூடையத் தூக்குனாரு. அதுவரைக்கும் அவரு வேலை சொன்னாரே தவிர, கூடை தொட்டதில்ல. அன்னையில இருந்து கடைசி நாள் வரைக்கும் சுமந்தாரு.

புரட்டாசியில கரை முடிஞ்சுச்சு. அம்பலம் ஒரு கடப்பாரைய எடுத்து, உசரத் தூக்கி, நடுக்கரையில ஓங்கிக் குத்துனாரு. என்ன ஆச்சு தெரியுமா? "ணங்!" கடப்பாரை எகிறி விழுந்துச்சு. அவரு அந்தக் கரையத் தொட்டுப் பாத்தாரு. ஊரே வந்து ஒவ்வொருத்தரா மண்டி போட்டுத் தொட்டுப் பாத்துச்சு. மண்ணுதான். ஆனா மண்ணு மாதிரி இல்ல.

ம்?

…ம்.

தூங்கிராதே, இனிமேதான் இருக்கு. ஐப்பசி வந்துச்சு. மழை வந்துச்சு. அது மழையா? வானத்தோட வாய் கிழிஞ்சு போச்சு! மொத நாள் முழங்கால் தண்ணி. ரெண்டாம் நாள் பாதிக் கரை. மூணாம் நாள் விடிஞ்சு பாத்தா, தளும்பத் தளும்ப நிக்குது. அப்படி ஒரு தண்ணிய அந்த ஊர்ல பொறந்த கொழந்த எதுவும் கண்டதில்ல. கடல் எந்திரிச்சு வந்து ஊருக்கு வெளிய காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி.

அப்போ ஒருத்தன் அலறுனான். "கரை வேர்க்குது! கரை வேர்க்குது!"

ஓடிப் போயி பாத்தா, மூணு தடவ உடைஞ்ச அதே எடம். வெளிப்பக்கம் அடியில பொட்டுப் பொட்டா ஈரம். ஈரம் சேந்து நூலாட்டம் வழியுது. அவ்வளவுதான், ஊரே நெல்லையும் புள்ளையையும் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடுச்சு. வேலை முடியிற வரைக்கும்னு ராக்கு போட்ட ஓலைக் கொட்டாயி கரைக்கு நேர் கீழ. உள்ள கிழவி கெடக்கா, நடக்க மாட்டாதவ.

ராக்கு ஓடல. அந்த வழியிற தண்ணிய உள்ளங்கையில பிடிச்சா. கண்ணுக்கிட்டக் கொண்டு போயிப் பாத்தா. அப்புறம் குடிச்சா.

"தெளிஞ்ச தண்ணி! மண்ணு ஒரு பொட்டு இல்ல! உள்ள கரை கரையல!"ன்னு கத்துனா. "மேலதான் அல வந்து அறையுது. மேல்மண்ணு புதுசு, எளகுது. மிதிச்சுக்கிட்டே இருந்தா நிக்கும்!"

யாரு கேக்குறா? மழைச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? அவ மடியில வேலாங்காயக் கட்டுனா. கலகல. செம்மறியாடு மழைன்னா ஒண்ணோட ஒண்ணு ஒண்டிக்கிட்டு அந்த எடத்த விட்டு நகராது, தெரியுமில்ல? அந்த ஆடு, அந்த மழையில, அவ பின்னால கரை ஏறுச்சு. ஒரு பக்கம் கடலு மாதிரி தண்ணி. ஒரு பக்கம் பள்ளம். நடுவுல முந்நூறு ஆடும் ஒரு பொம்பளையும். சதக் சதக் சதக்.

மேட்டுல இருந்து அம்பலம் பாத்தாரு. பாத்துட்டு விறுவிறுன்னு கீழ இறங்குனாரு. கொட்டாயிக்குள்ள போயி, "ஆத்தா, வா, மேட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்"ன்னாரு.

கிழவி என்ன சொன்னா தெரியுமா? "எம் மக எங்க?"

"கரை மேல."

"அப்போ என்னையும் அங்க தூக்கிட்டுப் போ. அவளுக்கு ஆனது எனக்கும் ஆகட்டும்."

அம்பலம் குனிஞ்சு உக்காந்தாரு. அப்புறம் அவள முதுகுல தூக்கிக்கிட்டுக் கரை ஏறுனாரு. ஊருக்கே அம்பலம், ஒரு ஆட்டுக்காரக் கிழவிய முதுகுல சுமந்துக்கிட்டு, ஆட்டோட ஆடா நடந்தாரு. அதப் பாத்ததும் மேட்டுல இருந்த சனத்துக்கு என்னமோ ஆயிருச்சு. ஒருத்தன் இறங்குனான். ரெண்டு பேரு இறங்குனாங்க. அப்புறம் நாப்பது வீடும் இறங்கிருச்சு. கைப்புள்ளக்காரி, தள்ளாத கிழவன், காவக்காரன், எல்லாரும் கரை மேல. மிதி, மிதி, மிதி. ஆட்டுக் காலும் மனுசக் காலும் ஒரே மண்ண மிதிச்சுச்சு. உச்சிப் பொழுதாச்சு, சாயங்காலமாச்சு. நெனச்சாலே அத்தைக்கு ஒடம்பு புல்லரிக்குது, இந்தா தொட்டுப் பாரு கைய.

அப்புறம் கலுங்கு வழியா மிச்சத் தண்ணி "ஹோ"ன்னு விழுந்துச்சு. கலுங்குன்னா, கண்மாய் நெறஞ்சா மிச்சம் போறதுக்குக் கல்லால வச்ச வழி. கலுங்கு பாஞ்சா இனிமே தண்ணி ஏறாது. அந்தச் சத்தத்த அந்த ஊரு அன்னைக்குத்தான் மொத மொதக் கேட்டுச்சு. மழை நின்னுச்சு. காத்து நின்னுச்சு. ஆடும் நின்னுச்சு. கரையும் நின்னுச்சு. எதிர்ல பாத்தா தண்ணி. வானம் மொத்தமும் அதுக்குள்ள கெடந்துச்சு. எல்லாரும் அப்படியே பாத்துக்கிட்டே நின்னாங்க.

ராக்குதான் மொதப் பேசுனா. நெத்தித் தண்ணிய வழிச்சு விட்டுக்கிட்டு, அம்பலத்துக்கிட்ட வந்தா.

"அய்யா, நீங்க சொன்னீங்களே, எடம். ஆத்தா ஈரத்துல நடுங்குறா. எங்க குடிசை போடட்டும்?"

அம்பலம் கிழவிய மெதுவா இறக்கி உக்கார வச்சாரு. தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டுனாரு. சாமி முன்னாடி மட்டுந்தான் அவரு அப்படிக் கட்டுவாரு. கட்டிக்கிட்டுச் சொன்னாரு:

"என்கிட்டயா எடம் கேக்குற ராக்கு? நாங்க நாப்பது வீடும் உன் கரைக்குக் கீழதான குடியிருக்கோம். நீ சொல்லு. நாங்க இந்த ஊர்ல இருக்கட்டுமா?"

ராக்கு ஒரு ஆட்டத் தடவிக் குடுத்தா. அப்புறம் சொன்னா:

"இருங்கய்யா. எல்லாரும் இருங்க."

அவ்வளவுதான் மருமகளே. ஆடும் அடைஞ்சிருச்சு, கதையும் அடைஞ்சிருச்சு, நீயும் கண்ண அடைச்சுத் தூங்கு.